முழுத்தூர அண்ணையும் செவ்வந்தி மாலையும்

சுவிஸில் எனக்குத் தெரிந்த தமிழர்களில், வெறும் நூறு மீட்டர் போவதற்காக ஆயுளில் பாதியைக் கொடுத்தவர் முழுத்தூர அண்ணை ஒருவர்தான். மற்றவர்கள் வேகமாகப் போகக் கார் வாங்கினார்கள். இவர், இன்டர்லாக்கன் பக்கத்து விவசாயி கழித்துவிட்ட, தன்னைவிட வயது கூடிய டிராக்டரை வாங்கினார்.

டிராக்டர் இழுவைப் போட்டி என்று ஒன்று இருக்கிறது. பின்னால் ஒரு சறுக்கு வண்டியைக் கட்டிவிடுவார்கள். போகப் போக அதன் சுமை முன்னுக்கு நகர்ந்து டிராக்டரை நிலத்தோடு பிடித்து வைக்கும். நூறு மீட்டர் கோட்டைத் தொட்டால் முழுத்தூரம். அண்ணை ஒவ்வொரு முறையும் "இந்தமுறை முழுத்தூரம்" என்பார். ஒருமுறையும் பாதியைத் தாண்டியதில்லை. பெயர் அப்படித்தான் வந்தது.

இன்டர்லாக்கன் ஹோட்டல் ஒன்றின் சமையலறையில் அவருக்கு வேலை. நான் அப்போது அங்கே விவசாய இயந்திரப் பட்டறையில் மெக்கானிக். ஒருநாள் லொறியிலிருந்து கழற்றிய, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவோடு வந்து நின்றார். செய்யவேண்டியதை வரிசைப்படுத்திச் சொன்னேன்.

"முதல்ல எஞ்சின் ஹெட் போல்ட்டுகளைப் பலமானதா மாத்தவேணும் அண்ணை. பிறகு டர்போ. டீசலைக் கூட்டுறது கடைசியா."

"நீ கறிக்கும் உப்பைக் கடைசியாத்தான் போடுவியோ பிள்ளை?"

"ஓம்."

"அதுதான் உன்ர கறி அப்பிடி."

என் கறியை அவர் சாப்பிட்டதே இல்லை.

அன்றே டர்போவையும் பூட்டி டீசலையும் கூட்டினார். புகையில் தன் வெள்ளை மாடுகள் கறுப்பு மாடுகளாகக் கொட்டிலுக்குத் திரும்பியதாக விவசாயி சொன்னார். பிறகு அழுத்தம் தாங்காமல் எஞ்சினின் ஹெட் காஸ்கெட் வெடித்தது. அதன்பிறகுதான் என் வரிசைக்கு வந்தோம்.

அவர் மனைவியை நான் அக்கா என்பேன். அக்கா கடைசித் தவணை கொடுத்திருந்தார். "இந்தமுறையும் நடுவில நிண்டால், அதைத் தோட்டத்தில நிப்பாட்டி மேல பூக்கண்டு வைப்பன்." பூச்சாடிகளையும் வாங்கிவிட்டார்.

போட்டி நாள். காற்று கூடுதலாகப் போகட்டும் என்று வடிகட்டியைக் கழற்றிவிட்டு நான் வேலிக்கு வெளியே வந்தேன். அண்ணை நாலு சக்கரத்துக்கும் தேசிக்காய் வைத்தார். கொடியோடு நின்ற சுவிஸ்காரர், விழுந்துவிட்டதாக நினைத்து, எல்லாவற்றையும் பொறுக்கி அவர் கையில் கொடுத்தார். அண்ணை நன்றி சொல்லிவிட்டுத் திரும்பவும் வைத்தார்.

அப்போது அக்கா வந்து ஒரு செவ்வந்தி மாலையை நீட்டினார். "சும்மா கட்டினனான். போடுங்கோ."

அண்ணைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. டிராக்டரில் மிக உயரமான இடத்தில் மாலையைப் போட்டார். அது எஞ்சினுக்குக் காற்றெடுக்கும், நான் வடிகட்டியைக் கழற்றிவிட்ட குழாய்.

நான் இரண்டு கைகளையும் ஆட்டிக் கத்தினேன். அவர் பதிலுக்குக் கையாட்டினார்.

பாதியைத் தாண்டினார். முக்கால்வாசியைத் தாண்டினார். முன்சக்கரங்கள் நிலத்தை விட்டு எழுந்தன. டர்போ மாலையை உறிஞ்சிக் குழாயின் வாயை அடைத்துக்கொண்டது. மூச்சு முட்டிய எஞ்சின் கரும்புகை கக்கி, கோட்டுக்கு ஓர் ஆள் நீளம் முன்னால் நின்றது.

நான் ஓடிப்போவதற்குள் மாலையைப் பிடுங்கி ஜாக்கெட்டுக்குள் திணித்துவிட்டார். "வாய் திறக்காத பிள்ளை."

அக்கா வந்தார். "என்ன நடந்தது?"

"டீசல் சரியில்லை."

"மாலை எங்க?"

"பறந்திட்டுது."

"அப்ப பூக்கண்டு வைக்கட்டோ?"

அண்ணை டிராக்டரை ஒருமுறை பார்த்தார். "வையும்."

அக்கா அவர் கழுத்துப்பட்டியில் ஒட்டியிருந்த புகை படிந்த செவ்வந்தி இதழை எடுத்தார். பிறகு நிமிர்ந்து காற்றுக் குழாயைப் பார்த்தார்.

"அடுத்தமுறை மாலையைப் பின்னாலை கட்டுறன்."

இப்போது நான் சூரிச்சில் இருக்கிறேன். அந்தப் பூச்சாடிகளில் அக்கா மாலைக்குச் செவ்வந்தி வளர்க்கிறார். அண்ணை இன்னும் கோட்டைத் தொடவில்லையாம். முழுத்தூரம் போகத் தெரியாத மனிதர் என்று யாராவது சிரித்தால் நான் சேர்ந்து சிரிப்பதில்லை. அவர் "வையும்" என்றபோது பக்கத்தில் நின்றவள் நான்.