சத்தமில்லாத பம்பும் ருக்குமணியக்காவும்

அன்னிக்கு வேலை ஒண்ணே ஒண்ணுதான். வீட்டு போர்டிகோவுல ஒரு பம்பை ஓட்டி, அதை வீடியோ கால்ல என் கைடுக்குக் காட்டணும்.

நான் பம்பு கம்பெனியில டிசைன் இன்ஜினியர். கோயமுத்தூர்ல கல்லெறிஞ்சா என்னை மாதிரி ஒருத்தன் மேலதான் விழும். அது போதாதுன்னு பார்ட் டைம்ல பிஎச்டி வேற. ஆராய்ச்சி என்னன்னா, சத்தம் போடாத வீட்டு பம்பு.

கொரோனா வந்துச்சு, லேபைப் பூட்டிட்டாங்க. ரிவ்யூ தள்ளிக்கிட்டே போச்சு. "இதையும் விட்டீங்கன்னா ரெஜிஸ்ட்ரேஷன் போயிருமுங்க"ன்னுட்டாரு கைடு. அத்தனை வருஷப் பாடும் அந்த ஒரு கால்ல தொங்குச்சு.

பம்பை கார்ல போட்டு வீட்டுக்குக் கொண்டு வந்தேன். நீல டிரம்மு நிறைய தண்ணி. பம்பு அதுலயே உறிஞ்சும், அதுலயே கொட்டும்.

என் சம்சாரம் சுதா எட்டிப் பார்த்தா. "டிரம்முத் தண்ணிய டிரம்முக்கே ஊத்தறீங்களா?"

"ஆமா. ஆராய்ச்சி."

"இதுக்குப் பட்டம் வேற தாராங்களா?"

அதுக்குள்ள கால் வந்துருச்சு. சார் அவரு வீட்டு ஹால்ல, இஸ்திரி போட்ட சட்டையில கம்பீரமா உட்கார்ந்திருந்தாரு.

"சார், பக்கத்துல நின்னாத்தான் இது ஓடறதே தெரியுமுங்க!"

சொல்லிட்டு சுவிட்சைத் தட்டினேன்.

இங்க எங்க தெருவைப் பத்திச் சொல்லணும். கார்ப்பரேஷன் நல்ல தண்ணி எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது. எவராச்சும் ஒருத்தர் வீட்டுல மோட்டார் சத்தம் கேட்டா, வந்துருச்சுன்னு அர்த்தம். உடனே எல்லாரும் போட்டுருவாங்க. அந்த பைப்புல நேரா மோட்டார் மாட்டக்கூடாதுங்கறது சட்டம். அதனால எங்க தெருவுல யார்கிட்டயும் மோட்டார் கிடையாது. சத்தம் மட்டும் வரும்.

பம்பு ஆராய்ச்சி பண்றவனுக்கு இது ஞாபகம் வந்திருக்கணுமா இல்லையா? வரல!

காம்பவுண்டுக்கு அந்தப்பக்கம் ருக்குமணியக்கா அவங்க வீட்டுக்காரரைக் கூப்பிட்டாங்க.

"ஏனுங்க! தண்ணி வந்துருச்சாட்ட இருக்குது! மோட்டாரைப் போடுங்க!"

அவங்க மோட்டார் உறுமுச்சு. அதைக் கேட்டு எதிர் வீடு. அதைக் கேட்டு மாடி வீடு. லாக்டவுனு பாருங்க, ஒருத்தர் பாக்கியில்லாம வீட்டுலதான் இருக்காங்க! கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள தெருவே மில்லு மாதிரி இரையுது.

"சத்தமே இருக்காதுன்னீங்க?" சார் காதைத் தேய்ச்சுக்கிட்டாரு.

"சார், இது என் பம்பு இல்லீங்க. தெருவோட பம்புங்க!"

"என்னங்க சொல்றீங்க?"

அத்தனை மோட்டாரும் ஒண்ணா இழுத்ததுல வோல்டேஜ் இறங்கி, என் பம்பு முக்க ஆரம்பிச்சுருச்சு.

அந்நேரம் பார்த்து கேட்டுல ருக்குமணியக்கா. மாஸ்க் தாடையில, குடம் இடுப்புல.

"ஏந்தம்பி, எங்க பைப்புல வெறுங்காத்துதான் வருது. உங்களுக்கு மட்டும் எப்படிக் கொட்டுது?"

"அக்கா, தண்ணி வரலீங்க. டிரம்முத் தண்ணிதான் சுத்துதுங்க."

"பொய் சொல்லாத கண்ணு. கொட்டறது என் கண்ணுக்குத் தெரியுதல்ல!"

அவங்களுக்குப் பின்னால இன்னும் நாலு குடம். சமூக இடைவெளியை அவ்வளவு ஒழுங்கா எங்க தெரு அன்னிக்குத்தான் கடைப்பிடிச்சுது.

"அக்கா, ரிவ்யூ போயிட்டிருக்குதுங்க!"

"அது பாட்டுக்குப் போகட்டும். நான் ஒரு கொடம் புடிச்சுக்கறேன்."

அப்பத்தான் லேப்டாப்ல இருந்து ஒரு பொம்பளக் குரல் கேட்டுச்சு.

"ஏனுங்க, மோட்டாரு சத்தம் கேக்குதே! தண்ணி வந்துருச்சு, போய்ப் போடுங்க!"

சாரோட வீட்டம்மா! அடுப்படியில இருந்து!

"ஒரு நிமிஷமுங்க, வாரேன்"னு சார் எந்திரிச்சாரு. கீழ கட்டம் போட்ட லுங்கி. மோட்டார் போடப் போயிட்டாரு.

நான் காலி நாற்காலியைப் பார்த்துக்கிட்டு நின்னேன். டப்புனு ஒரு சத்தம். டிரான்ஸ்ஃபார்மர்ல ஃபியூஸ் போச்சு. தெரு, பம்பு, ரிவ்யூ எல்லாம் கப்சிப்.

சாயங்காலம் பயந்துக்கிட்டே போன் பண்ணினேன்.

"சார், ரெஜிஸ்ட்ரேஷன்..."

"எங்க மோட்டாரும் காத்துல ஓடிச் சூடாயிருச்சுங்க"ன்னாரு. "கரண்ட் போனதால ரிவ்யூ பாதியில நின்னுதுன்னு எழுதிக்கறேன். பம்பைச் சரி பண்ணிப் போட்டு, இன்னொருக்கா ஓட்டுங்க. பக்கத்து வீட்டக்கா வரலைன்னா பாஸ்."

உலகத்துல எந்த யுனிவர்சிட்டியிலயும் இல்லாத பரீட்சை இது.

பம்பு மோட்டாரோட விசிறியை மாத்தினேன், பேரிங்கை மாத்தினேன், அடியில ரப்பர் வெச்சேன். மறுபடி கால். சுவிட்சைத் தட்டினேன். ருக்குமணியக்கா அவங்க வாசல்ல சின்ன வெங்காயம் உரிச்சுட்டு உட்கார்ந்திருந்தாங்க. திரும்பிக்கூடப் பார்க்கலை! சார் வீட்டு அடுப்படியிலயும் சத்தமில்லை.

"பாஸுங்க!"ன்னாரு சார். எனக்கு நெசமாவே கண்ணு கலங்கிருச்சு.

அந்த சந்தோஷத்துல சுதா, "அதையே நம்ம நல்ல தண்ணி பைப்புல மாட்டிப் போடுங்க"ன்னா. மாட்டினேன். அடுத்த வாட்டி தண்ணி வந்தப்ப எங்க தொட்டி நிறைஞ்சுது, தெருவுல ஒருத்தருக்கும் தெரியலை. நிறைஞ்சது வழிஞ்சு ருக்குமணியக்கா வாசல் வரைக்கும் ஓடறப்பதான் தெரிஞ்சுது. அக்கா முகத்தைத் திருப்பிக்கிட்டு உள்ள போயிட்டாங்க.

இப்ப எங்ககிட்ட சத்தமே போடாதது ரெண்டு. ஒண்ணு என் பம்பு, இன்னொண்ணு ருக்குமணியக்கா.