கழுதை ஓட்டில் வந்த கவுன்சிலர்

மல்லகூட்டா,
ஞாயிறு மதியம்.

அன்பும், அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பயமும் கலந்த வணக்கத்துடன் க்ளெனிஸ் அக்காவுக்குத் தம்பி நெவில் எழுதுவது.

இங்கே நானும் நாயும் சௌக்கியம். அத்தானுடைய முழங்கால் தேறியதா? உன் எலுமிச்சை மரம் பிழைத்ததா? போனில் என் கதையைச் சொல்ல ஆரம்பித்ததுமே நீ விழுந்து விழுந்து சிரித்து இணைப்பைத் துண்டித்துவிட்டாய். அதனால்தான் கடிதம். இதைப் படித்து நீ எவ்வளவு சிரித்தாலும் எனக்குக் கேட்காது.

பப்பில் டஸ்டியும் மற்ற தறுதலைகளும் சேர்ந்து வேடிக்கைக்காக என்னை ஊர்க் கவுன்சில் தேர்தலில் நிறுத்தியது உனக்குத் தெரியும். பள்ளிப் பேருந்து ஓட்டுவதை விட்ட நாளிலிருந்து உள்ளூர்ப் பத்திரிகைக்கு வாராவாரம் கவுன்சிலைத் திட்டி எழுதி வந்தேன் அல்லவா, அதற்குக் கிடைத்த தண்டனை இது. நான் ஒரு துண்டுச்சீட்டுக்கூட அச்சடிக்கவில்லை. மருந்துக்கடை மரியன் ஹாக்கெட்தான் வீடு வீடாக ஏறி இறங்கினாள், வடிகாலிலிருந்து குப்பை லாரி வரை எல்லாவற்றையும் படித்து வைத்திருந்தாள். நான்கூட அவளுக்குத்தான் ஓட்டுப் போட்டேன். ஆனால் ஓட்டுச்சீட்டில் பெயர் வரிசைக்குக் குலுக்கிப் போட்டபோது என் பெயர் உச்சியில் வந்து உட்கார்ந்துகொண்டது, எனக்குக் கீழே மனை வியாபாரி டாரில் க்ரீவ்ஸ், அவனுக்கும் கீழே மரியன். தேர்தலன்று பள்ளி வாசலில் ரொட்டியில் சாசேஜும் வதக்கிய வெங்காயமும் வைத்து விற்றார்களா, வாசனை வாக்குச்சாவடிக்குள்ளேயே வந்ததா, நம் ஜனம் ஓட்டுப் போடாவிட்டால் விழும் அபராதத்துக்குப் பயந்து வந்த ஜனம்தானே, நம் அப்பா ஆயுள் முழுக்கப் போட்டாரே, யார் எவர் என்று பார்க்காமல் பெயர்களுக்கு மேலிருந்து கீழே ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு, அதே கழுதை ஓட்டைப் போட்டுவிட்டு எல்லாரும் வெங்காயத்தைப் பார்த்து ஓடிவிட்டார்கள். சாயங்காலம் நான் ஜெயித்துவிட்டேன்.

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று அக்கா. முடிவெட்டப் போனால் கத்தரியைக் கழுத்தில் வைத்துக்கொண்டு தெருவிளக்கைப் பற்றிக் கேட்கிறான். பழைய தபால்காரரின் இறுதிச் சடங்கில், சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்கிறேன், எதிர்ப்பக்கம் தூக்கியவர் என் காதில், "குப்பைத்தொட்டி மூடி உடைஞ்சு மாசக்கணக்காச்சு, கவுன்சில் தூங்குதா?" என்றார். தன் வீட்டு மூடியைத் தானே மாற்றலாம் என்று அந்த மனிதருக்குத் தோன்றவே இல்லை. இதில் கொடுமை என்னவென்றால், நானும் போன வருடம் இதே மூடியைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுதியிருக்கிறேன்.

இதெல்லாம் போகட்டும், குளத்து விஷயத்துக்கு வருகிறேன். சின்ன வயதில் நீ என்னைப் பின்னாலிருந்து தள்ளிவிட்டு நீச்சல் கற்றுக்கொடுத்தாயே, அதே நீச்சல்குளம்தான். ஓடுகள் பெயர்ந்து, பாசி பிடித்து, தவளைகள் குடியேறிக் கிடக்கிறது. அதை மண்கொட்டி மூடிக் கார் நிறுத்துமிடம் ஆக்கலாம் என்று டாரில் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான், பக்கத்து மனை அவனுடையது. கவுன்சில் கூட்டத்தில் பேச்சு வந்தது. ஊர்க்காரர்களே முறைபோட்டுச் சுத்தம் செய்து, வாசலில் உட்கார்ந்து, உயிர்காப்புப் பயிற்சியும் எடுத்தால் திறக்கலாம், இல்லாவிட்டால் மூடிவிடலாம் என்றார்கள். பாதிப் பேர் இந்தப் பக்கம், பாதிப் பேர் அந்தப் பக்கம், கடைசிக் கை என்னுடையது. குளம் இல்லாவிட்டால் வெயில் காலத்தில் பிள்ளைகள் அணைக்குத்தான் போவார்கள். அந்தத் தண்ணீரின் ஆழம் உனக்கும் தெரியும். நான் பேருந்தில் ஏற்றி இறக்கிய பிள்ளைகளின் பிள்ளைகள் அவர்கள். "நம்ம ஊர்க்காரங்க பாத்துக்குவாங்க" என்று கையைத் தூக்கிவிட்டேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை எல்லாரும் துடைப்பத்தோடு வரவேண்டும் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்தேன். போய்ப் பார்த்தால் குளத்துக்குள் மரியன் மட்டும் முழங்கால் வரை பாசியில் நிற்கிறாள்.

"என்ன கவுன்சிலரே, ஊரே திரண்டு வந்திருக்கு போல?"

"வருவாங்க மரியன். கொஞ்சம் தூங்கி எந்திரிச்சு வருவாங்க."

"உங்க சிநேகிதங்க எல்லாம் எந்திரிச்சாச்சு. பப்புல உக்காந்து, குளத்தை கவுன்சில் எப்படி நாசமாக்கிடுச்சுன்னு பேசிட்டு இருக்காங்க. வர்ற வழியில காதுல விழுந்துச்சு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நேராகப் பப்புக்குப் போனேன்.

"டேய் டஸ்டி, எந்திரிடா. குளத்துக்கு வா."

"எதுக்கு மாப்ளே? வரி கட்டுறோம்ல? கவுன்சில் பாத்துக்கும்."

"கவுன்சில் நான்தான்டா!"

"அதான் சொல்றேன், நீ பாத்துக்க."

பப்பே கைதட்டிச் சிரித்தது. "சரி, நான் ராஜினாமா பண்றேன்" என்றேன். அதற்கும் கைதட்டினார்கள்.

"பண்ணு பண்ணு" என்றான் டஸ்டி. "அந்த மரியனம்மா வரட்டும். அவங்கதான் வேலை செய்யறவங்க."

"மரியன் எங்கடா வருவா? நான் போனா மறுதேர்தல் கிடையாது. அதே சீட்டுங்களை எடுத்து, என் பேரை அடிச்சிட்டு, ரெண்டுன்னு யாருக்குப் போட்டிருக்கீங்கன்னு பாப்பாங்க. யாருக்குப் போட்டீங்க?"

ஒருத்தனுக்கும் நினைவில்லை.

"யோசிங்கடா. மேலேர்ந்து ரெண்டாவது பேரு யாரு?"

டஸ்டி கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தான். "டாரிலா?"

"டாரிலேதான்."

"அந்தப் பயலுக்கு எவன்டா ஓட்டுப் போட்டான்?"

"நீங்க எல்லாரும்தான்டா!"

இத்தனை வருடம் பத்திரிகைக்கு எழுதி எழுதித் திட்டினேனே அக்கா, அந்த அரசாங்கத்தை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு, வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்து விழித்துக்கொண்டிருந்தது.

அப்புறம் வந்தார்கள். முனகிக்கொண்டு, கெட்ட வார்த்தை பேசிக்கொண்டு, ஆனால் வந்தார்கள். தவளைகளை வாளியில் அள்ளி ஓடைக்குக் கொண்டுபோய் விட்டார்கள், ஓடு பதித்தார்கள். குப்பைத்தொட்டி மூடிக்காரர் வாசல் கதவுக்குப் பெயின்ட் அடித்தார். டஸ்டி உயிர்காப்புப் பயிற்சி எடுக்கிறான், நீச்சல் உடையில் அவன் இருக்கும் லட்சணத்தை நான் எழுதப்போவதில்லை. யாராவது சுணங்கினால், "ராஜினாமாக் கடிதம் பையிலேயே இருக்கு" என்று சட்டைப்பையைத் தட்டுகிறேன், உடனே துடைப்பத்தை எடுத்துவிடுகிறார்கள். மரியனிடம், "அடுத்த தடவை நீதான் ஜெயிக்கணும்" என்றேன். "முதல்ல குலுக்கல்ல ஜெயிக்கிறேன்" என்றாள். வரும் வாரக் கடைசியில் குளம் திறக்கிறோம். நீ வரவேண்டும், என்னைத் தள்ளிவிடக் கூடாது.

ஆகவே உன் பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டு, ஓட்டுச்சீட்டைப் படிக்காமல் நிரப்புகிறவன் மனுஷனே இல்லை என்று இந்தத் தாத்தா சொன்னதாகச் சொல். அத்தானுக்கு என் மரியாதை, குழந்தைகளுக்கு ஆசி, எலுமிச்சை மரத்துக்கு நல்ல மழை.

என்றும் உன் தம்பி,
(சிரிக்காதே) கவுன்சிலர் நெவில் பாஸ்கோ.

பின்குறிப்பு: குளம் திறக்கும் சனிக்கிழமைதான் நாடாளுமன்றத் தேர்தலும். காலையிலிருந்து குளத்து வாசலில் என் முறை, தேர்தலில் நிற்பவர்கள் யார் என்று படிக்க எனக்கு எங்கே நேரம்? நீயும் இதே தொகுதிதானே, சீட்டில் மேலே இருப்பவன் ரொம்ப அயோக்கியன் இல்லையே என்று மட்டும் பார்த்து ஒரு போன் போடு. அங்கிருந்து ஆரம்பித்து அப்படியே கீழே வந்துவிடுகிறேன். போன தடவை நான் நின்று நிதானமாகப் படித்துவிட்டு வெளியே வந்தால், சாசேஜ் தீர்ந்துவிட்டிருந்தது.