நுளம்பு கடிக்காத வேட்டைக்காரர்

லண்டனில் ஒரு வகை மனிதர் உண்டு. எந்தக் காட்டுக்குப் போனாலும் அந்தக் காட்டுக்கே புத்தி சொல்லிவிட்டுத்தான் திரும்புவார். உங்களுக்குத் தெரிந்தவர்களில் ஒருவராவது இப்படி இருப்பார். இல்லையென்றால் ரெய்னர்ஸ் லேன் பாலேந்திராவை வைத்துக்கொள்ளுங்கள்.

வேட்டைத் துவக்குக்கு லைசன்ஸ் கைக்கு வந்த நாளிலிருந்து பாலேந்திராவுக்கு வேறு பேச்சில்லை. கலியாண வீட்டில் சாப்பாட்டுத் தட்டோடு நிற்பவரை மறித்து, கோடையிலேயே காட்டுக்குள் போய் மான் எந்த வழியால் வருகிறது, எங்கே தண்ணீர் குடிக்கிறது என்று பார்த்து வைத்தால்தான் இலையுதிர்காலத்தில் வேட்டை சரிவரும் என்பார், விரலை எச்சிலில் நனைத்து மண்டபத்துக்குள்ளேயே காற்றுப் பார்ப்பார், மானுக்கு மூக்குத்தான் கண் என்பார். கேட்பவரின் சோறு ஆறிவிடும். அதைப் பற்றி அவருக்கென்ன?

அவரோடு கூட்டுச் சேர்ந்தவர் பிளேஸ்டோவில் இருக்கும் கொட்வின். மன்னார்க்காரர், அதிகம் பேசாதவர். வேட்டைக்கு ஒரு காடு கிடைக்காதா என்று வருஷக்கணக்காகக் காணிக்காரர்களின் கதவைத் தட்டியவர். கடைசியில் கென்ற் பக்கம் ஒரு வெள்ளைக்காரர் மனமிரங்கினார். "இந்தக் கோடையில் மானைக் கலைக்காமல் பார்த்துவிட்டுப் போங்கள். ஒழுங்காக நடந்தால் இலையுதிர்காலத்தில் காடு உங்களுக்கு" என்றார். கொசு நுளம்பு கடிக்காமலிருக்க மணமில்லாத மருந்து ஒரு போத்தலும் கொடுத்தார்.

வந்ததே பாலேந்திராவுக்குக் கோபம்!

"வெள்ளைக்காரனுக்கு நுளம்பைப் பற்றி என்ன தெரியும்? நாங்கள் நுளம்போடையே பிறந்து வளந்தனாங்கள்."

"அண்ணை, அவர் இந்தக் காட்டிலை இருக்கிறவர்..."

"நீர் சும்மா இரும். நான் எல்லாம் கொண்டுவந்திருக்கிறன்."

காற்சட்டையைக் காலுறைக்குள் செருகினார். அது சரி, உண்ணி ஏறாது. அதன்மேல் வேப்பெண்ணெயை வழிய வழியப் பூசினார். அதுவும் போகட்டும். மரத்தின் மறைவில் இருவரும் குந்தியிருக்க, கொட்வின் மூச்சையும் பிடித்துக்கொண்டிருக்க, மாலை வெயிலில் ஒரு கொம்பன் மான் புதரை விலக்கி வெளியே வந்து இரண்டடி வைத்த நேரம் பார்த்து, ஒரு நுளம்பு பாலேந்திராவின் காதுக்குள் பாடியது. மனிதர் பையைத் திறந்தார். மனைவி தவநாயகியின் சாமியறையிலிருந்து எடுத்துவந்த கப் சாம்பிராணியைக் கொளுத்திவிட்டார்!

மான் மூக்கைத் தூக்கியது. ஒரே பாய்ச்சல். அதன் பின்னால் புதருக்குள் நின்ற கூட்டம் முழுவதும் ஓடியது. காடு பற்றிவிட்டதென்று காணிக்காரர் தண்ணீர் வாளியோடு ஓடிவந்தார். சாம்பிராணியைப் பார்த்தார், பாலேந்திராவைப் பார்த்தார், இனி இந்தப் பக்கம் வரவேண்டாம் என்று கேற்றைக் காட்டினார். பாவம் கொட்வின், அவருடைய இத்தனை வருஷத்து ஆசை அந்தப் புகையோடு போயிற்று.

காரில் பாலேந்திராதான் முதலில் வாய் திறந்தார்.

"பாத்தீரோ கொட்வின், ஒரு நுளம்பு கடிச்சதே?"

"இல்லை அண்ணை. மானும் கடிக்கேல்லை."

பாலேந்திரா அதைப் பாராட்டென்றே எடுத்துக்கொண்டார். இந்த வகையினரை வேறெப்படி அடையாளம் காண்பது?

நான் அந்த வகையில்லை என்றுதானே சிரிக்கிறீர்கள்? நல்லது. ஆனால் ஒன்று சொல்லுங்கள். அவர் சாம்பிராணி கொளுத்திய இடத்தை வாசித்தபோது, 'சீ, விசரன், நுளம்பை விரட்டத் தேசிக்காயில் கராம்பைக் குத்தி வைத்திருந்தால் போதுமே!' என்று சொல்ல உங்கள் வாய் உன்னியதா, இல்லையா?