இருக்கைக்கு ஒரு குமிழ்

"டிரைவர் தம்பி, எங்களைக் கொண்டுபோய் இறக்கப் போறியா, இல்ல வேகவச்சு இறக்கப் போறியா?"

முன் இருக்கையிலிருந்து தையற்கார அம்மா கேட்டார். கழுத்துச் சால்வையை உருவி அதையே விசிறியாக வீசிக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

ஓட்டுநர் தன் முழங்காலுக்குப் பக்கத்திலிருந்த வட்டக் குமிழை அரை விரற்கடை இடப்பக்கம் திருப்பினார். கையை எடுப்பதற்குள் கடைசி இருக்கையிலிருந்து கணக்கு வாத்தியாரின் குரல் வந்தது.

"டிரைவர் சார், என் மூக்கு இருக்கா இல்லையான்னே தெரியல. கொஞ்சம் கூட்டி வைங்க!"

வலப்பக்கம் திருப்பினார்.

"ஐயோ, மறுபடியும் அடுப்பு!" என்றார் தையற்கார அம்மா.

ஏழாம் நம்பர் பஸ் புத்தம் புதிது; இன்ஜினிலும் பேட்டரியிலும் மாறி மாறி ஓடும். பழைய பஸ்ஸில் இன்ஜின் சூட்டைக் குழாய் வழியே உள்ளே விடுவார்கள், அவ்வளவுதான். ஏற்றத்தில் வேகும், இறக்கத்தில் விறைக்கும். இதில் இன்ஜின் ஓடும்போது அதன் சூடு வரும். பேட்டரியில் ஓடும்போது ஹீட் பம்ப் என்ற ஒரு இயந்திரம் வெளிக்காற்றிலிருந்தே சூட்டைக் கறந்து உள்ளே அனுப்பும். கொட்டுகிற பனியில் சூடு எங்கே ஒளிந்திருக்கிறது என்பது ஓட்டுநருக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் குமிழ் விளங்கியது. பாலத்துக்கு முன்னால் ஒரு விரற்கடை வலம், மார்க்கெட் திருப்பத்தில் அரை விரற்கடை இடம் என்று மூன்று மாதமாக அதைப் பழக்கி வைத்திருந்தார். அந்த நுணுக்கம் டிப்போவில் வேறு யார் கைக்கும் வராது என்பது அவருடைய திடமான கட்சி.

புகார்ப் பெட்டி அந்தக் கட்சியில் சேரவில்லை.

"இதோட பதினேழு கடுதாசி," என்றார் டிப்போ மேனேஜர். "பாதிப் பேர் சூடுங்கறாங்க, பாதிப் பேர் குளிருங்கறாங்க. இன்னும் ஒண்ணு வந்துச்சு, ரூட்டை வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன். நீங்க ஷெட்டுல பஸ் கழுவலாம்."

ஏழாம் நம்பரின் கடைசி நிறுத்தம் ஓட்டுநரின் வீட்டு வாசலுக்கு நேர் எதிரே இருந்தது. மதியம் இறங்கி, மனைவியோடு உட்கார்ந்து சுடச்சுடச் சாப்பிட்டு, இருபது நிமிடம் குறட்டை விட்டுவிட்டு வண்டியை எடுக்கிற சுகம் எந்தப் பெரிய அதிகாரிக்கும் வாய்க்காது. அதை விட்டுக்கொடுக்க அவர் தயாராக இல்லை.

மனைவி விஷயத்தைக் கேட்டுவிட்டு, தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டார்.

"என்னங்க, சின்னவன் டிவி ரிமோட் வேணும்னு அழுதப்ப நாம என்ன செஞ்சோம்?"

"பேட்டரி இல்லாத பழைய ரிமோட்டைக் கையில கொடுத்தோம்."

"தான்தான் சேனல் மாத்தறதா நினைச்சுக்கிட்டு ஆறு மாசம் வாயே திறக்கலையே!"

ஓட்டுநர் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தார். பரணிலிருந்த பழைய காஸ் அடுப்பின் இரண்டு குமிழ்களைக் கழற்றினார். ஒன்றைத் தையற்கார அம்மாவின் ஜன்னலுக்குக் கீழேயும் இன்னொன்றை வாத்தியாரின் ஜன்னலுக்குக் கீழேயும் திருகாணி போட்டு முடுக்கினார். பக்கத்தில் ஒரு நீலப் புள்ளி, ஒரு சிவப்புப் புள்ளி.

மறுநாள் காலை தையற்கார அம்மா நீலத்துக்குத் திருப்பினார். கண்ணை மூடினார். "ஆகா! இப்பத்தான் மனுஷி மாதிரி இருக்கு."

வாத்தியார் சிவப்புக்குத் திருப்பி, கையுறையையே கழற்றிவிட்டார். ஓட்டுநருக்கு உச்சி குளிர்ந்தது.

அந்த நிம்மதி சரியாக இரண்டு நாள் நீடித்தது.

"அவங்களுக்கு மட்டும் என்ன தனி மரியாதை? நாங்க டிக்கெட் எடுக்கலையா?" என்று ஆறாம் இருக்கைக்காரர் ஆரம்பித்தார். மொத்த பஸ்ஸும் பின்பாட்டுப் பாடியது. ஓட்டுநர் பழைய சாமான் கடைக்குப் போய், உடைந்த ரேடியோ, வாஷிங் மெஷின், மின்விசிறி என்று அகப்பட்டதிலிருந்தெல்லாம் குமிழ்களைப் பிடுங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து இருபத்தெட்டு இருக்கைக்கும் மாட்டி முடித்தார்.

திங்கட்கிழமை பஸ்ஸில் போர் மூண்டது.

"சார், இவர் முழுசாத் திருப்பிட்டாரு! என் பங்குச் சூடும் அங்க போயிடுச்சு!"

"உன் குளிரு என் முதுகுல அடிக்குது, முதல்ல அதைக் குறை!"

புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று, சிவப்பா நீலமா என்பதில் பேச்சு முற்றி ஆளுக்கொரு மூலையில் போய் உட்கார்ந்தது. வழியில் மூன்று முறை வண்டியை ஓரங்கட்டிப் பஞ்சாயத்து செய்ததில் பஸ் இருபத்தைந்து நிமிடம் தாமதம். பொறுக்கமாட்டாமல் கணக்கு வாத்தியார் எழுந்து நின்று ஓர் அட்டவணை போட்டார். ஒற்றைப்படை இருக்கைகள் பாலம் வரை திருப்பலாம். இரட்டைப்படை இருக்கைகள் பாலத்துக்குப் பிறகு. அதைக் கண்காணிக்கத் தையற்கார அம்மா தலைமையில் ஒரு கமிட்டி அமைந்தது. அம்மாவின் கையில் விசில் வேறு.

பஸ்ஸில் அமைதி திரும்பிய வாரமே பதினெட்டாவது கடிதம் போனது. அதில் இருபத்தெட்டுப் பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

"பதினான்காம் இருக்கையின் குமிழ் வேலை செய்யவில்லை. மற்ற இருபத்தேழும் அருமை. உடனே சரிசெய்யவும்."

வெள்ளிக்கிழமை காலை மேனேஜர் மெக்கானிக்கோடு பஸ்ஸில் ஏறினார். ஓட்டுநருக்குக் கண்ணாடியில் மனைவியின் சாப்பாட்டுத் தட்டும் ஷெட்டின் தண்ணீர்க் குழாயும் மாறி மாறித் தெரிந்தன.

மேனேஜர் காலியாக இருந்த பதின்மூன்றாம் இருக்கையில் உட்கார்ந்து குமிழைத் திருப்பினார்.

"ம்ம், சட்டுனு ஏறுதே!" என்று கோட்டுப் பொத்தானைக் கழற்றினார்.

பிறகு பதினான்காம் இருக்கைப் பக்கம் சாய்ந்து அங்கிருந்த குமிழை இழுத்தார். அது திருகாணியோடு கையில் வந்தது. பின்னால் வயரும் இல்லை, குழாயும் இல்லை. வெறும் பலகை, அதில் ஒரு ஓட்டை. மேனேஜர் ஓட்டையைப் பார்த்தார், தான் கழற்றிய பொத்தானைப் பார்த்தார், அதைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிய பிறகு ஓட்டுநர் ஒன்றுவிடாமல் ஒப்புக்கொண்டார். "சார், ரூட்டை மட்டும் மாத்திடாதீங்க. இந்த வண்டிச் சூட்டை என்னைத் தவிர யாராலயும் சமாளிக்க முடியாது."

மேனேஜர் மெக்கானிக்கை ஒரு பார்வை பார்த்தார். மெக்கானிக் தன் ஷூவைப் பார்த்தார். மேனேஜருக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

"மூணு மாசத்துல முதல் தடவையா, சூடுன்னோ குளிருன்னோ ஒரு வரிகூட இல்லாத கடுதாசி! ரூட் உங்களுதுதான். அந்தப் பதினாலை மட்டும் டைட் பண்ணிடுங்க. மத்த பஸ்ஸுக்கும் இதே மாதிரி மாட்டணும்."

சொல்லிவிட்டு இறங்கிப் போனார். ஓட்டுநருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கொஞ்சம் கர்வமும் வந்தது. திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்த மெக்கானிக்கிடம் தன் முழங்கால் பக்கத்துக் குமிழைத் தட்டிக் காட்டினார்.

"பாவம்ப்பா ஜனங்க. பொம்மையைத் திருப்பிட்டுச் சூடு வந்துச்சு, குளிரு வந்துச்சுன்னு நம்புறாங்க. உண்மையில எல்லாம் இந்த ஒரு நாபுலதான் இருக்கு. பாலத்துக்கு முன்னாடி ஒரு விரற்கடை, அவ்வளவுதான். என் கைக்கு மட்டும் கட்டுப்படும்."

மெக்கானிக் திருப்புளியைப் பைக்குள் வைத்தார்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே, சூட்டையெல்லாம் கம்ப்யூட்டரே பாத்துக்குது, திருப்ப ஒண்ணும் இல்லைன்னா டிரைவருங்க புகார் எழுதுவாங்கன்னு மேனேஜர் சொன்னதால, அதையும் நான்தான் சும்மா மாட்டி வச்சேன்."