கப்பியில் சிக்கிய நைலெக்ஸ் சேலை

கடலில் காப்பாற்ற வந்தவர்களிடம் "இப்போது வரமாட்டேன், கொஞ்சம் பொறுங்கள்" என்று சொன்ன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். கப்பல் எதுவும் கவிழவில்லை என்பது வேறு விஷயம். அன்று செய்தது பைத்தியக்காரத்தனம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வருத்தப்படுகிறாயா என்று கேட்டால், இல்லை. (சேலைக்காக மட்டும் கொஞ்சம்.)

எழுபதுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்தாறு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து மெல்பேணுக்கு வந்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. கிளென் வேவர்லியில் வாடகை வீடு. அந்தப் பக்கத்தில் இன்னொரு சேலையைப் பார்க்க வேண்டுமானால் நான் கண்ணாடி முன்னால் போய் நிற்க வேண்டும். கணவர் சிவநேசன் ஒரு தொழிற்சாலையில் பொறியியலாளர். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அடுத்த கிழமைதான் முடிவு சொல்வார்கள்.

அந்த நேரம் பார்த்துத் தொழிற்சாலைக்காரர் குடும்பங்களோடு ஒரு சுற்றுலா வைத்தார்கள். மூன்று மணி நேரத் தூரத்தில் ஒரு சின்னத் துறைமுக ஊர். பஸ் ஏறும்போதே கணவர் காதுக்குள் சொன்னார்:

"ராஜி, மனேஜரும் வாறார். இண்டைக்கு ஒரு நாளைக்கு ஆரோடும் வாதாடாமல் இரும்."

"நான் எப்ப வாதாடினனான்?" என்று கேட்டு, அடுத்த அரை மணி நேரம் அதைப் பற்றி வாதாடினேன்.

அந்த ஊரில் கடற்கரையோடு ஒரு தகரக் கொட்டகை இருந்தது. ஒரு காலத்தில் கடல் மீட்புப் படைக்காரர் பாவித்த பொருள்களை அங்கே காட்சிக்கு வைத்திருந்தார்கள். அதற்குப் பொறுப்பானவர் மிஸ்டர் ஹார்வி. எழுபது வயது, பெரிய வயிறு, அதைவிடப் பெரிய குரல். பாறையில் மோதிய கப்பல்களில் இருந்து ஐம்பதுகளில் ஆட்களை எப்படி மீட்டார்கள் என்று விளக்கினார். கரையிலிருந்து கப்பலுக்கு ஒரு வாணத்தில் கயிற்றைக் கட்டி விடுவார்களாம். கப்பலில் உள்ளவர்கள் அதைப் பாய்மரத்தில் இறுக்கிக் கட்டுவார்கள். பிறகு கயிற்றில் ஓடும் கப்பியில் ஒரு மிதவை வளையத்தைத் தொங்கவிட்டு, வளையத்துக்குள் தைத்திருக்கும் கன்வஸ் காற்சட்டைக்குள் ஆளை இறக்கி, ஒவ்வொருவராகக் கரைக்கு இழுப்பார்கள்.

வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போது அவர் சிரித்தபடி சொன்னார்: "கப்பலில் ஆசிய ஆட்கள் இருந்தால் பெரிய தொல்லை. அழுது கத்திக்கொண்டு முதல் ஆளாக ஓடி வருவார்கள். எங்கள் ஆட்கள் வரிசையில் அமைதியாக நிற்பார்கள்."

எல்லோரும் சிரித்தார்கள். மனேஜரும் சிரித்தார். கணவர் தன் சப்பாத்துகளைக் குனிந்து பார்த்தார்.

என் ஐயா கப்பலில் சமையற்காரராக இருந்தவர். அவருடைய கப்பல் இங்கிலாந்துக் கரையில் பாறையில் ஏறியபோது, காத்து நின்றவர்களுக்கெல்லாம் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கடைசிக்கு முதல் ஆளாக இதே மாதிரி ஒரு காற்சட்டையில் தொங்கிக் கரைக்கு வந்தவர். அவருக்குப் பின்னால் வந்தது கப்டன் மட்டும்தான். எங்கள் வீட்டில் இந்தக் கதை கேட்காத பெருநாள் கிடையாது.

கையைத் தூக்கினேன். கணவர் அதைப் பிடித்துக் கீழே இறக்கினார். மற்றக் கையைத் தூக்கினேன்.

"என் தந்தை இதில் வந்தவர்," என்றேன், பள்ளிக்கூடத்துப் பேச்சுப்போட்டி ஆங்கிலத்தில். "முதல் ஆளாக அல்ல. கடைசிக்கு முதல் ஆளாக."

"அப்படியா லவ்?" என்றார் ஹார்வி. (அந்த ஊரில் எந்தப் பெண்ணையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.) "அப்படியென்றால் நீங்களே ஏறிக் காட்டலாமே? பயமில்லாவிட்டால்."

"பயமில்லை."

"உமக்கென்ன விசரே?" என்றார் கணவர் தமிழில். அதற்குள் நான் எழுந்து நடந்துகொண்டிருந்தேன்.

இறங்குதுறையின் நுனியில் ஒரு கம்பம், கரையில் ஒரு கம்பம், நடுவில் கயிறு, கீழே கடல். இரண்டு பெண்கள் போர்வையைப் பிடிக்க, அதன் மறைவில் சேலையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டினேன். முந்தானையை இடுப்பில் சொருகினேன். (ஊசி குத்தியிருக்க வேண்டும். அந்த வயதில் எனக்கு ஊசி தேவைப்படவில்லை, புத்திமதியும் தேவைப்படவில்லை.) ஹார்வி கப்பியை ஒரு தட்டுத் தட்டி, "ஷீ'ல் பி ரைட்" என்றார். ஏதோ என் குணத்தைப் பாராட்டுகிறார் என்று நினைத்து நன்றி சொன்னேன். கப்பி ஒழுங்காக ஓடும் என்பதை அந்த ஊர்க்காரர் அப்படித்தான் சொல்வார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அதுவும் பொய்.

அவர் கரைக்குத் திரும்பியதும் காற்சட்டைக்குள் இறங்கினேன். முதல் பாதித் தூரம் மகாராணி போல வந்தேன். கரையில் நின்றவர்களுக்குக் கையும் காட்டினேன். அப்போது காற்று என் முந்தானையை உருவியெடுத்துக் கப்பிக்குள் ஊட்டியது. கப்பி இரண்டு சுற்று மென்று பார்த்துவிட்டு நின்றது. கரையில் இழுத்தார்கள், அசையவில்லை. துறையில் இழுத்தார்கள், அசையவில்லை. கயிறு தொய்ந்து, ஒவ்வொரு அலையும் என்னை முழங்கால்வரை நனைத்துவிட்டுப் போனது. கரையில் நின்றவர்களுக்கு, யாரோ சிவப்புப் போர்வையைக் காயப்போட்டு அதற்குள் ஒரு பெண்ணை மறந்துவிட்டது போலத் தெரிந்திருக்கும்.

நைலெக்ஸ் சேலை. கிழியவே கிழியாது என்று கடைக்காரர் சத்தியம் செய்து விற்றார். மனிதர் பொய் சொல்லவில்லை.

நீந்தத் தெரியாத என் கணவர் கழுத்துப்பட்டி, சப்பாத்து எல்லாவற்றோடும் ஹார்வியின் கத்தியைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு கடலுக்குள் நடந்து வந்தார். தண்ணீர் நெஞ்சுவரை வந்துவிட்டது. எட்டிக் கத்தியை என்னிடம் தந்தார்.

"வெட்டும்!"

இனி எல்லாம் என் கையில். கரை முழுக்க என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. இப்படி ஒரு சபை எனக்கு அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைக்கவில்லை.

"மிஸ்டர் ஹார்வி! நான் அழுதேனா?"

"இல்லை லவ்!"

"கத்தினேனா?"

கொஞ்சம் யோசித்தார். "இப்போது கத்துகிறீர்களே."

கரை சிரித்தது. விடுவேனா?

"அந்த ஆட்கள் அழுது ஓடி வந்ததை நீங்கள் கண்ணால் கண்டீர்களா?"

ஹார்வி தொப்பியைச் சரிசெய்தார். அலை வந்து போனது.

"ராஜி," என்றார் கணவர் கீழே இருந்து, பல் கிடுகிடுக்க. "கேக்கிறதைக் கெதியாக் கேளும். எனக்குக் கால் விறைச்சுப் போச்சு."

"ஒரு நிமிஷம் பொறுங்கோ!" என்றுவிட்டு மறுபடியும் கேட்டேன். "கண்டீர்களா?"

ஹார்வி தொப்பியைக் கழற்றினார். "இல்லை. சொல்லக் கேட்டதுதான்."

"அதை எனக்கல்ல, அவர்களுக்குச் சொல்லுங்கள்!"

அவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி நின்று அந்தப் பெரிய குரலிலேயே சொன்னார்: "நான் காணவில்லை. சொன்னது தவறு."

வெட்டினேன். ஆனால் அந்தச் சேலைதான் இவ்வளவு நேரமும் என்னைப் பிடித்துக்கொண்டிருந்தது என்பதை யோசிக்கவில்லை. வளையம் சரிந்து, நான் நேரே கணவரின் தலைமேல் விழுந்தேன். இருவரும் தண்ணீருக்குள் போனோம். மனேஜரும் இன்னும் இரண்டு பேரும் ஓடி வந்து எங்களை இழுத்தெடுத்தார்கள். கரையில் நான் பாதிச் சேலையோடு நின்றேன். மீதிப் பாதி கப்பியில் கொடி மாதிரிப் பறந்தது. ஹார்வி தன் மேலங்கியைக் கழற்றி என் தோளில் போட்டு, "உங்கள் தந்தை தேநீர் எப்படிப் போடுவார்?" என்று கேட்டார். மூன்று கோப்பை குடிக்கும்வரை ஐயாவின் கதையைச் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார்.

அடுத்த கிழமை கணவரின் வேலை நிரந்தரமானது. கடிதத்தைக் கொடுத்த மனேஜர், என்னைத் தொழிற்சங்கப் பக்கம் மட்டும் கூட்டி வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாராம்.

நடந்ததை ஒன்றும் விடாமல் ஐயாவுக்கு எழுதினேன். ஒரு மாதத்தில் பதில் வந்தது. "மகள், நீ கேட்டது சரி. ஆனால் ஒன்று. அன்றைக்கு நான் நல்லாய் அழுதனான். கை நடுங்கினபடியால்தான் தேத்தண்ணி ஊத்தினனான். கப்டனும் அழுதவர். அந்தக் குளிருக்குள்ள அழாதவன் மனிசனே இல்லை."

இதை நான் ஹார்வியிடம் சொல்லவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கமாட்டேன்.

இன்றைக்கும் கடையிலோ வங்கியிலோ நான் குரலை உயர்த்தினால், பக்கத்தில் நிற்கும் மகள் தகப்பனைப் பார்த்து, "அப்பா, அலை வருது, ஷூஸைக் கழட்டுங்கோ" என்பாள். அவர் குனிந்து நாடாவை அவிழ்க்கத் தொடங்குவார். எதிரில் நிற்பவருக்கு ஒன்றும் விளங்காது. நான் பாட்டுக்கு, கேட்க வேண்டியதைக் கேட்டு முடிப்பேன்.