நின்ற லிஃப்டில் அணியிலக்கணம்

'போல' என்ற ஒரு பொடிச் சொல் தன் குடித்தனத்தில் புகுந்து இப்படிக் கூத்தடிக்கும் என்று லிஃப்ட்காரர் கனவிலும் நினைக்கவில்லை.

அவர் தொழில் லிஃப்ட் பழுதுபார்ப்பது. ஊரில் பாதிக் கட்டடங்கள் ஏறி இறங்குவது அவர் கைராசியில்தான். அவர் குடியிருந்த கட்டடத்தின் லிஃப்டும் அவர் பொறுப்பே. வேலை முடிந்து வந்து, சாப்பிட்டு, அன்றைக்கு எந்தக் கட்டடத்தில் யார் மாட்டிக்கொண்டு என்ன கூச்சல் போட்டார் என்று நடித்துக் காட்டுவார். மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். அந்தச் சிரிப்பு அவருக்குச் சம்பளத்துக்கு மேல் கிடைக்கும் போனஸ். அதற்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது.

மனைவிக்குத் தமிழ் டீச்சராக வேண்டும் என்று ஆசை. சாயங்கால வகுப்பில் சேர்ந்தாள். அவள் சேர்ந்த அன்றே 'சார்' வீட்டுக்குள் வந்துவிட்டார். ஆளாக அல்ல, பேச்சாக.

"சார் குரல் தேன் போல இருக்குங்க," என்றாள் காய் நறுக்கிக்கொண்டே.

"தேன்ல ஈ மொய்க்குமே."

"அதான் கிளாஸ்ல உக்கார இடமே இல்ல."

லிஃப்ட்காரர் ஒரு செம்புத் தண்ணீரைக் காலி செய்தார். "சரி, என் குரல் எது போல இருக்கு?"

அவள் கத்தியை நிறுத்திவிட்டு உண்மையாகவே யோசித்தாள். அவள் யோசித்ததே அவருக்குப் பிடிக்கவில்லை.

"லிஃப்ட் கதவுல துணி மாட்டிக்கிட்டா ஒரு சத்தம் வருமே..."

"போதும்."

"உவமை கேட்டீங்க, சொன்னேன். கொஞ்சம் உக்காருங்க, உவமைன்னா என்னன்னு சொல்றேன்."

அவர் உட்கார்ந்தார். அவள் ஆரம்பித்தாள். இரண்டாவது வாக்கியத்தில் அவர் தலை தொங்கிவிட்டது. பள்ளிக்கூட நாளிலிருந்தே அவருக்கு அப்படித்தான். பாடம் என்ற வாசனை பட்டால் போதும், உட்கார்ந்த நிலையிலேயே உறக்கம் வந்துவிடும். கண் விழித்தபோது எதிரே காலி நாற்காலிதான் இருந்தது.

அதற்குப் பிறகு அவள் அவரிடம் பாடம் பேசுவதில்லை. சாரைப் பற்றி மட்டும் பேசினாள். சார் கரும்பலகையில் எழுதினால் கோடு போட்ட மாதிரி இருக்குமாம். சார் சட்டையில் ஒரு சுருக்கம் பார்க்க முடியாதாம். சார் ஒரு ஜோக் சொன்னாராம், அதை இவரிடம் சொல்ல வந்தவள் சொல்வதற்கு முன்பே சிரித்துச் சிரித்துப் புரையேறி, சொல்லாமலே விட்டுவிட்டாள். லிஃப்ட்காரர் அவள் தலையைத் தட்டி, முதுகைத் தடவி, தண்ணீர் கொடுத்தார். அவன் சொன்ன ஜோக்குக்கு இவர் தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. வயிறு எரிந்தது. இதற்குப் பொறாமை என்று பெயர் வைக்க வெட்கப்பட்டு, கேஸ் டிரபிள் என்று சொல்லிக்கொண்டார். மாத்திரை போட்டார். குறையவில்லை. பொறாமைதான்.

அந்த வாரத்தில் ஒருநாள் லிஃப்ட் நிஜமாகவே மக்கர் செய்தது. தன் வீடு இருந்த நாலாவது மாடியில் கூண்டை நிறுத்தி, உள்ளே உட்கார்ந்து பொத்தான் பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தார். பின்பக்கத் துவாரம் வழியாக ஒரு குரல் வந்தது. அவர் மனைவியின் குரல். லிஃப்ட் குழிக்கும் அவர் வீட்டுச் சமையலறைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர், அதிலும் ஒரு காற்றுத் துவாரம். இத்தனை வருஷம் அவர் கவனித்ததே இல்லை.

"கேளுங்க சார்," என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். "ஒண்ணை இன்னொண்ணோட ஒப்பிட்டுச் சொன்னா உவமை. நடுவுல 'போல' வரும். 'சார் முகம் நிலா போல.' அந்தப் 'போல'வைத் தூக்கிட்டு, ரெண்டும் ஒண்ணேதான்னு சொன்னா உருவகம். 'சார் முகமே நிலா.'"

ஸ்க்ரூடிரைவர் அவர் கையிலிருந்து விழுந்தது. போனில் அவனிடம் பாடம் ஒப்பிக்கிறாள். அதுவும் அவனையே உதாரணமாக வைத்து. இத்தனை நாள் இருவருக்கும் நடுவே காவலுக்கு நின்றது ஒரு 'போல'. இப்போது அதையும் தூக்கிவிட்டார்கள்.

லிஃப்ட்காரர் அங்கேயே சபதம் எடுத்தார். முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டும். உவமை முதல் கடைசி அணி வரை கற்றுக்கொள்வது. ஒருநாள் வகுப்புக்கே போய், அத்தனை பேர் முன்னால், அவன் மொழியிலேயே அவனை நாறடிப்பது.

மறுநாள் சாயங்காலமும் லிஃப்ட் நின்றது. அதற்கு மறுநாளும் நின்றது. கீழே 'பராமரிப்பு நடக்கிறது' என்ற பலகை தொங்கியது. கூண்டுக்குள் லிஃப்ட்காரர் ஒரு முக்காலி போட்டு, சுவரில் காதை ஒட்டி உட்கார்ந்திருந்தார். ஆச்சரியம், தூக்கம் வரவில்லை. எரிகிற வயிற்றோடு யாருக்குத் தூக்கம் வரும்?

"கரண்ட் போயி ஃபேன் நின்னுச்சுன்னு வைங்க," என்றது சுவர். "அது தானா நடந்தது. ஆனா, 'சார் பேச்சைக் கேக்கத்தான் ஃபேன் மூச்சை அடக்கிட்டு நிக்குது'ன்னு நம்ம மனசுல உள்ளதை அது மேல ஏத்திச் சொன்னா, அது தற்குறிப்பேற்றம். என்ன, புரியலையா? மறுபடி சொல்றேன்."

புரியாமலா இருக்கும் அவனுக்கு, என்று லிஃப்ட்காரர் பல்லைக் கடித்தார். இவள் குரலை இன்னொரு தடவை கேட்கத்தான் புரியாத மாதிரி நடிக்கிறான். ஆனால் அவள் மறுபடி சொன்னது அவருக்கு வசதியாகத்தான் இருந்தது. முதல் தடவை பாதிதான் பிடிபட்டிருந்தது. அவளும் நிறுத்தி நிதானமாக, பிள்ளைக்குச் சோறு ஊட்டுவது மாதிரிச் சொன்னாள். அந்த நிதானத்துக்கும் சேர்த்து அவர் பொறாமைப்பட்டார்.

கதவைத் திறந்து வெளியே வந்தால், ஆறாம் மாடித் தையல்காரம்மா துணி மூட்டையோடு படிக்கட்டில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"தம்பி, லிஃப்டுக்கு என்ன?"

"சர்வீஸ் நடக்குதுக்கா."

"தினமுமா?"

"வயசான லிஃப்ட்."

"எனக்கும்தான் வயசாச்சு. என்னை யாரும் நிறுத்தி வச்சு சர்வீஸ் பண்ணலையே."

"இன்னும் கொஞ்ச நாள்தான்க்கா."

"உள்ள இருந்து 'முகமே நிலா, முகமே நிலா'ன்னு முணுமுணுப்பு கேட்டுச்சு?"

"அது... ஒரு ஒயரோட பேரு, அக்கா."

"எந்த ஒயருக்குப்பா முகம் இருக்கு?" தையல்காரம்மா மூட்டையைத் தோள் மாற்றினார். "உன் வீட்டுக்காரிகிட்டயும் சொல்லிட்டேன். 'கொஞ்சம் பொறுத்துக்குங்கக்கா, நல்ல காரியம் நடக்குது'ங்கறா. உங்க ரெண்டு பேர் நல்ல காரியத்துல என் முட்டி போகுது."

லிஃப்ட் பழுதுபார்ப்பதை மனைவி நல்ல காரியம் என்று மதிக்கிறாளே என்று லிஃப்ட்காரருக்குக் கொஞ்சம் நெகிழ்ச்சிகூட வந்தது.

நாளாக ஆக, அவர் மண்டைக்குள் இலக்கியம் ஏறிவிட்டது. இறங்க மறுத்தது. கம்பெனி முதலாளி, "நீ இல்லாம இந்த ஊரே நின்னுடும்யா," என்றால், "உயர்வு நவிற்சி சார்," என்றார். இரண்டு உதவியாளர்கள் ஒருவர் விட்ட வார்த்தையை மற்றவர் பிடித்துச் சண்டை போட்டால், "அந்தாதியில அடிச்சுக்காதீங்கடா," என்றார். வீட்டில் மட்டும் வாய் திறக்கவில்லை. ஆயுதத்தை முன்கூட்டியே காட்டலாமா?

அந்த நாளும் வந்தது. மனைவி நல்ல புடவை கட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள்.

"இன்னிக்கு வீட்டு ஆளுங்களும் கிளாஸுக்கு வரலாம்னு சார் சொன்னார். நீங்க வராதீங்க."

"ஏன்?"

"தூங்கிடுவீங்க. சார் முன்னாடி மானம் போயிடும்."

"சார் முன்னாடி," என்று லிஃப்ட்காரர் மெதுவாகத் திருப்பிச் சொன்னார். பிறகு போய், கல்யாணத்துக்குத் தைத்த சட்டையை எடுத்து, மூச்சை உள்ளே இழுத்துப் பொத்தான் போட்டுக்கொண்டார்.

வகுப்பறை நிறைந்திருந்தது. சார் வாசலிலேயே நின்று வரவேற்றார். கிழவராக இருக்க வேண்டும் என்று லிஃப்ட்காரர் வேண்டிக்கொண்டு வந்திருந்தார். வேண்டுதல் பலிக்கவில்லை. சார் நெடுநெடுவென்று இருந்தார். சட்டையில் சுருக்கம் இல்லை. தலை நிறைய முடி வேறு. கடைசி வரிசையில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெரியம்மா கையில் பேனாவோடு உட்கார்ந்திருந்தார். யாருடைய மாமியாரோ என்று நினைத்துக்கொண்டார்.

"உக்காருங்க," என்றார் சார். குரல் தேன்தான். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

"உக்கார வரல சார். உங்ககிட்ட நாலு வார்த்தை பேச வந்தேன். உங்களைப் போல ஒருத்தரை நான் பாத்ததில்ல. இது உவமை மாதிரி இருக்கும், ஆனா வசவு."

வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. கடைசி வரிசைப் பெரியம்மா கேட்டார், "உருவகம்னா என்னங்க?"

"போலவைத் தூக்கிட்டா உருவகம். 'சார் ஒரு கரையான்.' வெளியில சட்டை மடிப்புக் கலையாது, உள்ள அடுத்தவன் வீட்டை அரிச்சுடும்."

"தற்குறிப்பேற்றம்?"

"நான் வர்ற வழியில மழை பிடிச்சுக்கிச்சு. அது தானா பெஞ்ச மழை. 'போகாதே, போனா கை நீட்டிடுவே'ன்னு வானம் என்னைத் தடுத்துச்சுன்னு நான் சொன்னா, அது தற்குறிப்பேற்றம்."

"வஞ்சப்புகழ்ச்சி?"

லிஃப்ட்காரர் சார் பக்கம் திரும்பினார். இதற்காகத்தான் அத்தனை நாள் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். "சாரைப் போல அக்கறை யாருக்கு வரும்? அடுப்புல பால் பொங்குற நேரத்துலகூட, அடுத்தவன் பொண்டாட்டிகிட்ட போன்ல பாடம் கேக்கறாரே. எப்பேர்ப்பட்ட தியாகம். புகழ்ற மாதிரி வையறது, வஞ்சப்புகழ்ச்சி."

வகுப்பே கை தட்டியது. சார் திருதிருவென்று விழித்தார். எல்லாவற்றுக்கும் மேலே, மூன்றாவது வரிசையில் அவர் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அதே பழைய சிரிப்பு. அவருக்காகச் சிரித்த சிரிப்பு. லிஃப்ட்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

பெரியம்மா பேனாவை மூடினார். "இவர் முன்னாடி இலக்கியம் படிச்சவரா?"

"இல்லீங்க மேடம்," என்று மனைவி எழுந்து நின்றாள். "பாடம்னாலே உக்காந்தபடி தூங்குவார்."

"அப்படிப்பட்டவருக்கு எப்படி நடத்தினீங்க?"

"லிஃப்டுல வச்சு மேடம்."

லிஃப்ட்காரருக்குத் தரை ஒரு மாடி இறங்கிய மாதிரி இருந்தது. பெரியம்மா யாருடைய மாமியாரும் இல்லை. பரீட்சை அதிகாரி. இன்றைக்கு நடந்தது செய்முறைத் தேர்வு. இலக்கியமே தெரியாத ஒருவருக்கு அணிகளைக் கற்றுக்கொடுத்துக் கூட்டிக்கொண்டு வர வேண்டும், அவ்வளவுதான். மற்றவர்கள் எல்லாம் அடுத்த வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டிவந்திருந்தார்கள்.

"அப்போ போன்ல..." என்றார் அவர், பக்கத்தில் வந்து உட்கார்ந்த மனைவியிடம்.

"சமையலறையில நம்ம போன் என்னிக்குங்க எடுத்திருக்கு? லிஃப்ட் இரும்பு சிக்னலைத் தின்னுடுதுன்னு நீங்கதானே சொல்வீங்க."

"நான் உள்ள இருந்தது உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க வீட்டுல இல்ல, லிஃப்டும் ஓடல. அப்புறம் எங்க இருப்பீங்க? முதல் நாள் சார் எதிர்ல இருக்கற மாதிரி நினைச்சு, தனியாத்தான் சொல்லிப் பாத்துக்கிட்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்க்ரூடிரைவர் விழுந்துச்சு. அதுக்கப்புறம் உங்களுக்காகத்தான் நடத்தினேன்."

"நிலா முகம், தேன் குரல் எல்லாம்?"

"உதாரணங்க. உங்களை வச்சுச் சொன்னா தூங்கிடுவீங்க. அவரை வச்சுச் சொன்னதாலதானே கொட்டக் கொட்ட முழிச்சுப் படிச்சீங்க."

கோபப்பட வேண்டும் என்று லிஃப்ட்காரர் முயன்று பார்த்தார். வரவில்லை. வயிற்றெரிச்சல் நின்றிருந்தது. அவன் நிலாவும் இல்லை, தேனும் இல்லை, வெறும் உதாரணம். எழுந்து போய் சாரின் கையைப் பிடித்து, "கரையான்னு சொன்னதை மனசுல வச்சுக்காதீங்க, அதுவும் உதாரணம்தான்," என்று தாராளமாகச் சிரித்தார்.

"முழு மார்க்கும் போட்டுட்டேன்," என்றார் அதிகாரி அம்மா. "அடுத்த தேர்வு யாப்பு. அசை, சீர், தளைன்னு கொஞ்சம் கடினம். அதுக்கும் இவரையே கூட்டிட்டு வரணும், பரவாயில்லையா?"

மனைவி கணவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சார் பக்கம் திரும்பினாள்.

"யாப்பு இவருக்கு லேசுல ஏறாது சார். ஞாயித்துக்கிழமை நீங்க நம்ம வீட்டுக்கே சாப்பிட வந்துடுங்க."