ரிவர்ஸ் எடுக்க முடியாத வீடு

வாணலி விஷயத்தில் ஹார்லன் விட்டுக்கொடுக்கவே இல்லை.

“கேரவன்ல சமையலுக்கு ஒரே அலமாரிதான் வெல்டா. ஒரு வாணலி போதும். எது வேணும்னு சாயங்காலத்துக்குள்ள முடிவு பண்ணு.”

“பான்கேக்குக்கு ஒண்ணு, பன்றி இறைச்சிக்கு ஒண்ணு. கல்யாணமான நாள்லேருந்து இந்த வீட்டுல அப்படித்தான்.”

“அப்ப பான்கேக்கை விட்டுடலாம்.”

“உங்களை விட்டுடலாம்.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஹார்லன் கேரவனின் கூரையைக் கழுவ ஏணியை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார். ஏணியில் ஏறக்கூட இல்லை. ரப்பர் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்க, புல்தரையில் உட்கார்ந்த வாக்கிலேயே போய்விட்டார்.

கேரவனிலேயே குடியிருக்கலாம் என்று வீட்டை அதற்கு முன்பே விற்றாகிவிட்டது. சொன்ன தேதியில் சாவியைக் கொடுத்தாக வேண்டும். சாமான்களுக்கெல்லாம் விலைச் சீட்டு ஒட்டி, வாசல் கதவைத் திறந்துவிட்டார்கள். ஊர் ஜனங்கள் அறை அறையாகப் புகுந்து எடுத்துக்கொண்டு போனார்கள். வெல்டா உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு முன்னால் ஒரு பெண்மணி வந்து நின்றாள். “நீங்க மெதுவா எழுந்திருங்க, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல” என்றாள். சொல்லிவிட்டு நகராமல் நின்றாள்.

மிச்சமிருந்தது கேரவன் ஒன்றுதான். ஒரு பேருந்து அளவு. உள்ளே படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உண்டு. வெல்டா அதை ஓட்டியதே கிடையாது. ஹார்லன் ஓட்டுவார், நிறுத்தும்போது அவள் பின்னால் போய் நின்று கை காட்டுவாள். ஒரு கையை நீட்டினால் நில். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினால், இடம் இருக்கிறது, நேராக வா. இருவருக்கும் நடுவில் இருந்த பாஷை அது.

மகன் கர்ட் ஒமஹாவில் தன் வீட்டருகே முதியோர் குடியிருப்பு ஒன்றைப் பார்த்து வைத்திருந்தான். வெல்டா ஒருமுறை போய்ப் பார்த்தாள். நீளமான தாழ்வாரம். ஓடிக்கொண்டிருந்த டி.வி. முன்னால் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தவர்கள். ஒரு அம்மாள் மட்டும் கண்ணைத் திறந்து, “புதுசா? நானும் அப்படித்தான் சும்மா பார்க்க வந்தேன்” என்றாள். அன்றிலிருந்து வெல்டாவுக்கு ஓட்டவும் பயம், ஓட்டாமல் இருக்கவும் பயம்.

கடைசியில் அம்மாவும் மகனும் ஒரு பந்தயம் போட்டார்கள். தெற்கு டகோட்டா மாநில எல்லையில் கேரவன்கள் தங்கும் முகாம் ஒன்று. கேரவனிலேயே குடியிருப்பவர்கள் அங்கே ஒரு ராத்திரி தங்கினால் அந்த மாநிலத்து விலாசம் கிடைக்கும். யாரையும் உதவிக்குக் கூப்பிடாமல் ஒரே நாளில் அங்கே போய்ச் சேர்ந்தால் கேரவன் அவளுக்கு. ஒருவரைக் கூப்பிட்டாலும் சாவி கர்ட் கைக்கு, அவள் தாழ்வாரத்துக்கு. சாட்சிக்கு நாத்தனார் நேடீன் கூட வந்தாள்.

“ஒரு ராத்திரி தூங்கினா ஊர்க்காரியாம்!” என்றாள் நேடீன், பெல்ட்டை மாட்டிக்கொண்டே. “நான் ஒருத்தனோட முப்பது வருஷம் தூங்கினேன். அவன் வீட்டுக்காரங்க இன்னும் என்னை விருந்தாளின்னுதான் சொல்றாங்க.”

“பேசாதே நேடீன். எனக்குக் கை நடுங்குது.”

“பேசலன்னா எனக்குக் கால் நடுங்கும் அண்ணி.”

கேரவனுக்குப் பின்னால் சின்னக் கார் ஒன்றை இரும்புக் கம்பியில் கோத்து இழுத்துக்கொண்டு போனார்கள். அதைப் பற்றி ஹார்லன் அடித்து அடித்துச் சொன்னது ஒன்றுதான்: கார் மாட்டியிருக்கும்போது ரிவர்ஸ் எடுக்கவே கூடாது. எடுத்தால் கம்பி முறுக்கிக்கொள்ளும், காரும் போகும், கேரவனும் போகும். ஆகவே வெல்டா ஒரே ஒரு தீர்மானத்தோடு கிளம்பினாள். முன்னால் மட்டுமே போவது.

இரண்டு மணி நேரம் அப்படியே போனாள். பாலம் வந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். லாரி எதிரே வந்தால் நேடீன் பிரார்த்தனை செய்தாள், வாய்விட்டு.

சிக்கல் ஒரு சின்ன ஊரின் தேவாலய முனையில் வந்தது. கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு மனிதர் சாலை நடுவில் நின்று, வெல்டாவைப் பார்த்ததும் பதறிப்போய் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினார்.

வெல்டாவுக்கு உயிர் வந்தது. இடம் இருக்கிறது, நேராக வா.

நேராகப் போனாள். கறுப்புக் கோட்டு துள்ளி ஒதுங்கியது. முன்னால் நீளமான கறுப்பு வண்டி ஒன்று நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. பின்னால் ஒரு பழைய பிக்கப் டிரக் விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தது. அதன் பின்னால் இன்னும் கார்கள், எல்லாம் பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு.

எதிரே வந்தவர்கள் ஓரங்கட்டினார்கள். டிராக்டரில் இருந்த ஒருவர் இறங்கி நின்று தொப்பியைக் கழற்றினார்.

“எவ்வளவு மரியாதை தெரிஞ்ச ஊர் பாரு” என்றாள் வெல்டா.

நேடீன் கண்ணாடியில் பின்னால் பார்த்தாள், முன்னால் பார்த்தாள், வெல்டாவைப் பார்த்தாள்.

“அண்ணி, பதறாதீங்க. நாம யாரோட சவ ஊர்வலத்துலயோ நடுவுல போயிட்டிருக்கோம்.”

வெல்டாவும் கண்ணாடியைப் பார்த்தாள். சவ வண்டிக்கும் குடும்பத்துக்கும் நடுவில் புகுந்திருக்கிறாள். அந்தப் பக்கத்தில் கொலையைக்கூட மன்னிப்பார்கள், இதை மன்னிக்க மாட்டார்கள்.

“என்னடீ பண்றது?”

“மெதுவாப் போங்க. அவங்க நம்மைத் தாண்டிப் போயிடுவாங்க.”

மெதுவாகப் போனாள். ஒருவரும் தாண்டவில்லை. சவ ஊர்வலத்தில் யார் முந்துவார்கள்? பிக்கப் மெதுவானது, அதன் பின்னால் மொத்த வரிசையும் ஊர்ந்தது. சவ வண்டி மட்டும் தன்பாட்டுக்குப் போய், நேர்க்கோடான சாலையின் கோடியில் ஒரு கறுப்புப் புள்ளியாகிவிட்டது.

“சுத்தம்!” என்றாள் நேடீன். “இப்ப ஊர்வலத்துக்கே நாமதான் தலைமை.”

“வேற வழி சொல்லு!”

“வலது பக்கம் ஒரு மண் ரோடு வருது பாருங்க. இண்டிகேட்டரைப் போட்டுத் திரும்பிடுங்க. அவங்க நேராப் போயிடுவாங்க.”

வெல்டா இண்டிகேட்டரைப் போட்டுத் திரும்பினாள். கண்ணாடியில் பார்த்தாள். பிக்கப் முனையில் ஒரு கணம் தயங்கியது. பிறகு அதுவும் இண்டிகேட்டரைப் போட்டது. திரும்பியது. அதற்குப் பின்னால் ஒவ்வொரு காரும், பள்ளிப் பிள்ளைகள் மாதிரி வரிசை கலையாமல், இண்டிகேட்டரைப் போட்டுத் திரும்பியது.

“கையைக் காட்டுடீ! வராதீங்கன்னு சொல்லு!”

நேடீன் ஜன்னல் வழியே உடம்பைப் பாதி நீட்டி, வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினாள். பிக்கப்பிலிருந்து ஒரு கை வெளியே வந்து துக்கத்தோடு பதிலுக்கு ஆடியது. அடுத்த காரிலிருந்தும் ஒரு கை. அதற்கடுத்த காரிலிருந்து இரண்டு.

“என்ன சொல்றாங்க?”

“ஆறுதல் சொல்றாங்க அண்ணி.”

வெல்டா ஆக்சிலரேட்டரை மிதித்தாள். உள்ளே தட்டுகள் கடகடத்தன, ஏதோ ஓர் அலமாரி திறந்துகொண்டது. புழுதி எழும்பி வானத்தை மறைத்தது. தப்பித்தோம் என்று அவள் நினைத்த நேரத்தில், புழுதிக்குள்ளிருந்து ஜோடி ஜோடியாக மஞ்சள் விளக்குகள் வெளியே வந்தன. துரத்துகிறார்கள். பிடித்தால் என்ன செய்வார்கள்? அவளுக்கு ஹார்லனின் ஊர்வலம் ஞாபகம் வந்தது. அன்று எவளாவது குறுக்கே ஒரு கேரவனை விட்டிருந்தால், இவளே இறங்கிப்போய் அவள் முடியைப் பிடித்திருப்பாள்.

மண் ரோடு ஒரு திருப்பத்தில் சரிவாக இறங்கியது. எதிரே தண்ணீர். படகு இறக்கும் சிமெண்டுத் துறை. அதோடு ரோடு முடிந்தது.

வெல்டா பிரேக்கை இரண்டு காலாலும் மிதித்தாள். முன்சக்கரம் ஏரிக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

முன்னால் ஏரி. பின்னால் கட்டிய கார், அதன் பின்னால் பிக்கப், அதன் பின்னால் ஊர். ரிவர்ஸ் எடுக்கக் கூடாது.

“கர்ட்டைக் கூப்பிடவா?” என்று மெல்லக் கேட்டாள் நேடீன்.

வெல்டாவின் கண்ணில் அந்த நீளமான தாழ்வாரம் தெரிந்தது. “கூப்பிட்ட, ஏரியில விட்டுடுவேன்.”

கார்க் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. கறுப்பு உடையில் ஜனங்கள் இறங்கி வந்தார்கள். வெல்டா ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு, கதவைப் பூட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டாள்.

“என்ன அருமையான இடம்!” என்றது ஓர் ஆண் குரல்.

“ஓட்டோவுக்கு இந்த ஏரின்னா உயிராச்சே. கடைசியா ஒரு தடவை காட்டணும்னு ஆல்மா ஏற்பாடு பண்ணியிருக்கா. என்ன மனசு பாரு அவளுக்கு!”

“சொல்லவே இல்லியே ஆல்மா?”

பிக்கப்பை ஓட்டி வந்த ஆல்மா, செத்துப்போன ஓட்டோவின் மனைவி, தண்ணீரைப் பார்த்து நின்றாள்.

ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கேரவன் பக்கத்தில் வந்தார். அதன் வயிற்றில் மெதுவாகத் தட்டினார். “போயிட்டு வா ஓட்டோ. அந்தக் கறுப்பு வண்டியைவிட இது எவ்வளவோ விசாலம்.”

அதற்குள் பின்னாலிருந்து ஒருத்தி, அடக்கம் முடிந்ததும் சாப்பிட வைத்திருந்த பன்றித்தொடை ரொட்டியையும் உருளைக்கிழங்குத் தட்டையும் இறக்கிவிட்டாள். “சர்ச்சுல வச்சுத் திங்கறதைவிட ஏரிக்கரையில நல்லாத்தான் இருக்கும்.”

வெல்டாவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. கதவைத் திறந்து படியில் நின்றாள். 

“உள்ள ஓட்டோ இல்லீங்க. என்னோட வாணலியும் சட்டி பானையும்தான் இருக்கு. நான் வழி தெரியாம உங்க நடுவுல வந்துட்டேன். தப்பிச்சு ஓடத்தான் இங்க திரும்பினேன். நீங்க எல்லாரும் என் பின்னாடியே வந்துட்டீங்க.”

ரொட்டி மென்ற வாய்கள் நின்றன.

“அப்ப ஓட்டோ எங்க?” என்றார் கிழவர், கேரவனிலிருந்து கையை எடுத்துக்கொண்டு.

யாரோ போன் போட்டார்கள். கல்லறைத் தோட்டத்தில் பாதிரியாரும் சவ வண்டிக்காரரும் தனியாக நின்றுகொண்டிருந்தார்கள். ஓட்டோவுக்கு ஊரில் இவ்வளவு பகையா என்று பாதிரியார் கேட்டாராம்.

முதலில் கிழவர்தான் சிரித்தார். பிறகு ஒவ்வொருவராக. ஆல்மா மட்டும் சிரிக்கவில்லை. அது வெல்டாவை இன்னும் பயமுறுத்தியது.

விவசாயிகள் நாலு பேர் கோட்டைக் கழற்றி முள்வேலியில் போட்டுவிட்டு, இறுகிப்போயிருந்த கம்பியைக் கழற்றக் கேரவனுக்கும் காருக்கும் நடுவில் குனிந்தார்கள். அந்த நேரம் பார்த்து நேடீனின் போன் அடித்தது. கர்ட்.

“அத்தை, அம்மா யாரையாவது உதவிக்குக் கூப்பிட்டாங்களா?”

கம்பியின் மேல் ஏறி நின்று குதித்துக்கொண்டிருந்த மனிதரை நேடீன் பார்த்தாள். “யாரையும் கூப்பிடலடா.”

“ஏதோ கூட்டம் மாதிரி சத்தம் கேக்குதே?”

“தெரிஞ்சவங்கடா. நின்னு பேசிட்டுப் போறோம்.”

“அங்க உங்களுக்கு யாரைத் தெரியும்?”

“ஓட்டோன்னு ஒருத்தர். ரொம்ப அமைதியான மனுஷன்.” போனை வைத்துவிட்டு நேடீன் வெல்டாவிடம் சொன்னாள்: “முறைக்காதீங்க. நீங்க கூப்பிடல, அவங்களா வந்தாங்க. பொய் ஒண்ணும் சொல்லல.”

கம்பி விடுபட்டது. காரை ஒருவர் தனியாக மேலே ஓட்டிப் போய் நிறுத்தினார். மற்ற கார்கள் பின்வாங்கி வழிவிட்டன. இனி ரிவர்ஸ் எடுக்கலாம். எடுக்க வேண்டியவள் வெல்டா.

“நான் எடுத்துத் தரட்டுமா அம்மா?” என்றார் ஒருவர்.

“வேண்டாம்” என்றாள் வெல்டா. அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது.

கண்ணாடியில் ஊரே தெரிந்தது. எல்லோரும் கை காட்டினார்கள். இடது என்றார் ஒருவர், வலது என்றார் இன்னொருவர். ஒருவர் ரொட்டியோடு கை காட்டினார்.

வெல்டா தலையை வெளியே நீட்டிக் கத்தினாள். “எல்லாரும் கையை இறக்குங்க! ஒருத்தர் போதும்!”

எல்லாக் கைகளும் இறங்கின. ஆல்மா மட்டும் வழி காட்டச் சரிவின் மேலே போய் நின்றாள். வெல்டா அவளையே பார்த்துக்கொண்டு, அங்குலம் அங்குலமாகப் பின்னால் நகர்ந்தாள். உள்ளே ஒரு தட்டு விழுந்து உடைந்தது. நிறுத்தவில்லை. சக்கரம் மேலே ஏறி, மண்ணில் உட்கார்ந்து, கேரவன் மெதுவாகச் சாலையைப் பார்த்துத் திரும்பி நின்றபோது யாரோ கை தட்டினார்கள். பக்கத்திலிருந்தவர் அவரை அதட்டினார்.

ஆல்மா ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றாள். சின்ன உருவம். ஆண்பிள்ளைக் கோட்டு ஒன்றைப் போட்டிருந்தாள், தோள் இரண்டும் தொங்கின.

வெல்டா ஜன்னலிலிருந்து குனிந்தாள். “மன்னிச்சுக்கோங்க. இந்த மாதிரி நாள்ல உங்களை வழி தப்ப வச்சுட்டேன்.”

“நான் எங்க வழி தப்பினேன்?” என்றாள் ஆல்மா. “நீங்க திரும்பினதும் ரோடு முழுக்கத் தெரிஞ்சுது. சவ வண்டி நேராப் போறதைக் கண்ணால பார்த்துட்டுத்தான் உங்க பின்னாடி இண்டிகேட்டரைப் போட்டேன். கல்லறைக்குப் போய்ச் சேர்ந்துட்டா முடிஞ்சு போயிடுமேம்மா. ஓட்டோ அங்கேயேதான் இருக்கார், இனிமே எங்கயும் போயிடமாட்டார். நீங்க சொல்லுங்க, அடுத்து எந்தப் பக்கம் திரும்பப் போறீங்க?”